வாயிலுக்கு முன் ஒரு வாயில்: முன்னரண் கோட்டைக்குப் பலமா, பாரமா?

அகழிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகளின் தலைவாயிலுக்கு முன்னால், அகழிக்கு அப்புறத்திலோ அகழியின் நடுவிலோ தனித்து நிற்கும் காவல் கட்டடத்தைப் பார்பிகன் என்கிறார்கள். வசதிக்காக அதை இந்த இழையில் முன்னரண் என்று அழைக்கிறேன். நெடுநாளாக என் மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வி அதைப் பற்றியது.

சென்ற ஆண்டு இங்கிலாந்தின் டோவர் கோட்டையைச் சுற்றிப் பார்த்தபோது, அதன் வடமுனையில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அங்கே இரண்டு கோபுரங்கள் அருகருகே நிற்கின்றன. பார்த்தவுடனே அது ஒரு வாயில் என்று தெரிகிறது. ஆனால் வழி இருக்க வேண்டிய இடத்தில், பறவையின் அலகைப் போல முன்னோக்கிக் கூர்ந்த திண்ணிய கற்கட்டு ஒன்று எழுந்து வாயிலை முழுவதுமாக அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கோட்டையின் தலைவாயிலையே கல்லிட்டு மூடும் அளவுக்கு அங்கே என்ன நேர்ந்தது?

1216 ஜூலையில், பிரெஞ்சு அரசரின் மகன் லூயி அந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையைக் காத்தவர் ஹியூபர்ட் டி பர்க். வடக்குப் பக்கத்தில் நிலம் உயர்ந்திருப்பதால் லூயி அந்த மேட்டிலிருந்தே தாக்கினார். வாயிலுக்கு முன்னால் அப்போது ஒரு முன்னரண் இருந்தது. அது கல்லால் ஆனதன்று, ஓக் மரத்தூண்களை நெருக்கமாக நட்டுச் சுற்றிலும் பள்ளம் வெட்டி அமைத்தது. கல்லெறி பொறிகளும், சுரங்கம் தோண்டுவோரும், தட்டி வேய்ந்த நகரும் கோபுரமும் கொண்டு வந்த பிரெஞ்சுப் படை முதலில் கைப்பற்றியது அந்த முன்னரணைத்தான். அதைப் பிடித்தபின் அங்கிருந்தே வாயிற்கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டினார்கள். இரட்டைக் கோபுரங்களில் ஒன்று சரிந்து விழுந்தது. திறந்த பிளவு வழியாகப் படை உள்ளே பாய்ந்தது. காவலர்கள் அவர்களை எதிர்த்துத் தள்ளிவிட்டு, கையில் கிடைத்த உத்திரங்களையும் மரங்களையும் கொண்டு பிளவை அடைத்து எப்படியோ தாக்குப்பிடித்தார்கள்.

இதனால்தான் கேட்கிறேன். வாயிலைக் காக்கக் கட்டிய முன்னரண், பகைவன் கைக்குப் போனதும் அவனுக்கே மறைவிடமாகவும் வேலைத்தளமாகவும் ஆகிவிட்டதல்லவா? அப்படியிருக்க, அடுத்த முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பா முழுவதும் முன்னரண்களைக் கட்டிக்கொண்டே போனது ஏன்?

கல்தச்சன்

நல்ல கேள்வி. ஆனால் 'முன்னரண் விழுந்தது, ஆகவே அது பயனற்றது' என்ற முடிவுக்கு அது நம்மை இழுத்துச் செல்லக் கூடாது. முன்னரணைக் கட்டியவர்களில் எவரும் அது விழாது என்று எண்ணியிருக்க மாட்டார்கள். விழுவதற்கு முன் எவ்வளவு நாளை அது விழுங்குகிறது, விழுந்தபின் பகைவனுக்கு எவ்வளவு குறைவாகப் பயன்படுகிறது என்ற இரண்டையும் வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

இரண்டாவதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தேர்ந்த முன்னரணுக்கு முகம் உண்டு, முதுகு கிடையாது. வெளியே பார்க்கும் பக்கத்தில் கனத்த சுவரும், அம்பு எய்யும் துளைகளும், மேலே ஞாயில்களும் இருக்கும். கோட்டையை நோக்கிய பக்கமோ திறந்தே கிடக்கும், அல்லது தாழ்ந்த சுவரோடு நிற்கும். பகைவன் உள்ளே புகுந்துவிட்டால், பின்னால் உயர்ந்து நிற்கும் வாயிற்கோபுரங்களிலிருந்து வரும் அம்புக்கு அவன் ஒதுங்க ஓரிடமும் இராது. பிரான்சின் கார்கசோன் நகரில், உள்கோட்டையின் கிழக்கு வாயிலுக்கு முன்னால் உள்ள 13ஆம் நூற்றாண்டு அரைவட்ட மதில் இதற்கு மிகத் தெளிவான சான்று.

அடுத்தது திருப்பம். கதவை உடைக்கும் உத்திரத்தைச் சுமந்து வருபவர்களுக்கு நேரான வழி வேண்டும், ஓடி வர இடம் வேண்டும். அந்த இரண்டையும் முன்னரண் மறுத்துவிடுகிறது. இங்கிலாந்தில் வேல்சு எல்லையருகே உள்ள குட்ரிச் கோட்டையில் 1300ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அரைநிலா வடிவ முன்னரணைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நுழைந்து, உள்ளே செங்கோணமாகத் திரும்பி, அகழியின் மேல் செல்லும் ஒடுங்கிய கற்பாதையில் ஏறி, தூக்குப் பாலத்தைக் கடந்த பிறகே தலைவாயிலைத் தொட முடியும். அந்தப் பாதை முழுவதும் மேலிருப்பவர்களின் கண்ணில் இருக்கிறது.

குட்ரிச்சுக்கு முன்மாதிரி இலண்டன் கோட்டையின் சிங்கக் கோபுரமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். முதலாம் எட்வர்ட் 1275 முதல் 1285 வரை அந்தக் கோட்டையின் மேற்கு நுழைவை மாற்றியமைத்தபோது எழுந்த அந்த அரைவட்ட முன்னரணைச் சுற்றிலும் நீர் இருந்தது. அதற்குள் நுழைந்தவர் செங்கோணமாகத் திரும்பி நடுக் கோபுரத்தையும், பிறகு மற்றொரு பாலத்தைக் கடந்து இன்னொரு கோபுரத்தையும் தாண்ட வேண்டியிருந்தது. அரசரின் விலங்குக் காட்சிக்கூடம் பின்னாளில் அங்கே இருந்ததால்தான் அதற்குச் சிங்கத்தின் பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை இடித்துவிட்டார்கள். தூக்குப் பாலம் இறங்கிய குழியை மட்டும் இன்றும் பார்க்கலாம்.

ஆகவே டோவரில் தவறியது முன்னரண் என்னும் எண்ணமா, அல்லது அந்த ஒரு முன்னரண் நின்ற இடமும் கட்டிய பொருளுமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாசற்படி

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சில கட்டுரைகளில் பார்பிகனைக் 'கொத்தளம்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. கொத்தளம் மதிலோடு ஒட்டி வெளியே புடைத்து நிற்பது. நாம் பேசுவது மதிலை விட்டு விலகி, வாயிலுக்கு முன்னால் நிற்பது. முன்னரண் என்ற சொல்லே இருக்கட்டும். கல்தச்சன் அவர்கள் ஞாயில் என்று எழுதியது மகிழ்ச்சி தந்தது. பழைய புறப்பாடல்கள் மதிலின் உறுப்பாகப் பாடிய அந்தச் சொல் நம்மிடம் இருக்கும்போது, 'பல் போன்ற மேல்விளிம்பு' என்று சுற்றி வளைத்து எழுதத் தேவையில்லை.

நெடுமதில்

முன்னரண் விழும்போது உள்ளே என்ன நடந்தது என்பதை, அங்கே இருந்த ஒருவரின் எழுத்திலேயே அறிய முடிகிற அரிய நிகழ்வு ஒன்று உண்டு. கல்தச்சன் அவர்கள் குறிப்பிட்ட அதே கார்கசோனில், 1240ஆம் ஆண்டு நடந்தது அது.

கார்கசோனை ஒரு காலத்தில் ஆண்ட திரங்கவெல் குடும்பத்தின் வாரிசான ரெய்மோன், இழந்த நகரத்தை மீட்க அந்த ஆண்டு செப்டம்பரில் படையோடு வந்தார். பிரெஞ்சு அரசின் சார்பில் நகரத்தைக் காத்த அதிகாரி கியோம் தெ ஒர்ம். முற்றுகை முடிந்ததும் அவர் அரசரின் தாய் பிளான்ஷுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். வெற்றியைப் பெருமையாகப் பேசும் கடிதம் அன்று அது. ஒவ்வொரு சுரங்கத்தையும், அதற்கு எதிராகத் தாங்கள் செய்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கு ஒப்புவிப்பதைப் போல எழுதியிருக்கிறார்.

அதில் நம் கேள்விக்கு நேராக விடை தரும் பகுதி நர்போன் வாயிலின் முன்னரணைப் பற்றியது. பகைவர் அந்த முன்னரணை நோக்கிச் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். தரைக்கடியில் எழுந்த ஒலியை உள்ளே இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். உடனே எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். அத்தோடு நிற்கவில்லை. முன்னரணின் உட்புறத்தில், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கற்களை மட்டும் அடுக்கிக் குறுக்கே பெரிய சுவர் ஒன்றை எழுப்பினார்கள். பகைவர் சுரங்கத்தில் முட்டுக்கொடுத்திருந்த மரங்களுக்குத் தீயிட்டபோது முன்னரணின் முன்பகுதி சரிந்தது. ஆனால் புதுச்சுவருக்குப் பின்னால் இருந்த பாதி அரண் காவலர்கள் கையிலேயே நின்றது. சரிந்த கல்லைத் தாண்டி வந்தவர்கள் முன்னால் கண்டது, தாங்கள் எதிர்பாராத இன்னொரு மதில்.

இதை முதன்முதலில் படித்தபோது என்னைத் தொட்டது அந்த ஓசை. ஒரு மனிதன் தரையில் காது வைத்துக் கேட்கிறான். கீழே மண்வெட்டி விழுகிறது. எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று மனத்துக்குள் எண்ணிக்கொள்கிறான். முன்னரண் அவனுக்கு வாங்கிக் கொடுத்தது அந்த நாட்களைத்தான். அதே சுரங்கம் தலைவாயிலின் அடியிலேயே தொடங்கியிருந்தால், பின்னால் வேறொரு சுவர் எழுப்ப இடமும் இருந்திராது, நேரமும் இருந்திராது. ஏறத்தாழ ஒரு மாதம் நகரம் தாங்கியது. அரசரின் உதவிப்படை நெருங்குகிறது என்று அறிந்ததும் அக்டோபரில் பகைவர் முற்றுகையை விட்டுச் சென்றார்கள்.

அகழிக்கரை அவர்களே, டோவரோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். டோவரில் முன்னரண் முழுவதுமாகக் கைமாறியது. கார்கசோனில் அது பாதியாக உடைந்தது.

மழைநாள்

எல்லாரும் முற்றுகையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆனால் பெரும்பாலான முன்னரண்கள் தம் வாழ்நாளில் ஒரு முற்றுகையையும் கண்டதில்லை. அவற்றின் அன்றாட வேலை வேறு. வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது, வருபவரை இரண்டு கதவுகளுக்கு இடையே காக்க வைப்பது, இந்தக் கோட்டையின் உரிமையாளர் எத்தகையவர் என்பதை வாசலிலேயே உணர்த்துவது ஆகியவற்றைத்தான் அவை நாள்தோறும் செய்தன.

தென் இங்கிலாந்தின் லூயிஸ் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய நார்மன் காலத்து வாயிலுக்கு முன்னால், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், டி வாரென் குடும்பத்தின் காலத்தில், ஓர் உயர்ந்த முன்னரண் எழுந்தது. அதன் வெளிமுகத்தில் சக்கிமுக்கிக் கற்களைக் கொத்திச் சமப்படுத்தி அழகாகப் பதித்திருக்கிறார்கள். கல்லெறி பொறியைத் தாங்குவதற்கு அந்த மினுமினுப்பு தேவையில்லை. கீழே தெருவில் நடந்து வருபவர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. வடக்கே அல்னிக் கோட்டையில் பெர்சி குடும்பத்தார் கட்டிய முன்னரணும் இத்தகையதே என்பது என் கருத்து. குடும்பத்தின் பெருமை அங்கே சுவராக எழுந்து நிற்கிறது.

கல்தச்சன்

மழைநாள் அவர்களின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். லூயிஸில் அழகு நோக்கம் இருந்தது உண்மை. ஆனால் அதே முன்னரணின் உச்சியில், வாயிலுக்கு நேர் மேலே, கீழே நிற்பவர் மீது கல் போடுவதற்கான துளைகளுடன் சுவர் முன்னே நீண்டிருக்கிறது. அதே வகை அமைப்பு வேல்சின் கான்வி கோட்டையில், 1283 முதல் 1287 வரை கட்டிய மேற்கு முன்னரணின் வாயில் மேலே இருக்கிறது. பிரிட்டனில் இன்று எஞ்சியிருக்கும் அந்த வகைக் கல்வேலைகளில் அதுவே மிகப் பழையது என்கிறார்கள். கான்வியைக் கட்டியவர்கள் அழகு பார்க்கவில்லை. அப்போதுதான் வென்ற நாட்டில், எந்த நாளும் கிளர்ச்சி வரலாம் என்ற அச்சத்தோடு கட்டினார்கள். 1295ஆம் ஆண்டு முற்றுகை வந்தும் விட்டது. பெருமைக்காகக் கட்டியவர்களும் போருக்காகக் கட்டியவர்களின் மொழியிலேயே பேசினார்கள். அச்சுறுத்தும் ஆற்றல் உண்மையில் இருந்ததால்தான் அதைக் காட்டிப் பெருமை கொள்ள முடிந்தது.

செங்கல்

போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் உள்ளதைப் பற்றி யாரும் சொல்லாதது வியப்பு. முன்னரண் என்றவுடன் பலருக்கு நினைவில் வருவது அதுதான்.

1497இல் புக்கோவினாவில் போலந்துப் படை பெருந்தோல்வி அடைந்தது. உதுமானியர் வடக்கே வந்துவிடுவார்கள் என்ற அச்சம் தலைநகரைப் பற்றிக்கொண்டது. அரசர் யான் ஒல்பிராக்டின் காலத்தில், 1498, 1499 ஆகிய இரண்டே ஆண்டுகளில், ஃபுளோரியன் வாயிலுக்கு முன்னால் செங்கல்லால் வட்டமான முன்னரண் ஒன்றை எழுப்பினார்கள். உள்வட்டத்தின் விட்டம் 24 மீட்டருக்குச் சற்று மேல். சுவரின் கனம் 3 மீட்டரைத் தாண்டும். 130 சுடுதுளைகள், உச்சியில் 7 சிறு கோபுரங்கள், சுற்றிலும் அகழி. நகர வாயிலோடு அதை இணைத்தது, மக்கள் 'கழுத்து' என்று அழைத்த மதிலிட்ட பாதை.

அகழிக்கரை அவர்களின் கேள்விக்கு இது வேறு விதமான விடையைத் தருகிறது. இந்த முன்னரணுக்குத் திறந்த முதுகு இல்லை. முழு வட்டமாக மூடியே இருக்கிறது. கல்தச்சன் அவர்கள் சொன்ன விதியை அது மீறுகிறது என்று தோன்றலாம். ஆனால் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கியும் பீரங்கியும் வந்துவிட்டன. எல்லாத் திசையிலும் சுடக்கூடிய, வளைந்த முகத்தால் குண்டை விலக்கக்கூடிய வடிவம் அப்போது தேவைப்பட்டது. வெளிக்கதவை உடைத்து உள்ளே வந்தவர்கள், நான்கு புறமும் துளைகள் சூழ்ந்த திறந்த முற்றத்தின் நடுவே நிற்க வேண்டியிருக்கும்.

1768இல் உருசியப் படை நகரத்தைத் தாக்கியபோது, மார்சின் ஒராசெவிச் என்ற நகரவாசி, குண்டு தீர்ந்ததும் தன் மேலங்கியின் பொத்தானைத் துப்பாக்கியில் இட்டுச் சுட்டு உருசியத் தளபதியை வீழ்த்தினார் என்று மரபாகச் சொல்வார்கள். முன்னரணின் சுவரில் அவர் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. கதை எவ்வளவு உண்மையோ, அந்த நகரத்து மக்கள் அதைப் பேணி வைத்திருக்கும் அன்பு உண்மை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர மதில்களை இடித்துத் தள்ளியபோது, ஃபெலிக்ஸ் ராத்வான்ஸ்கி என்ற செனட் உறுப்பினர் 1817இல் விடாமல் வாதிட்டு, இந்த முன்னரணையும் ஃபுளோரியன் வாயிலையும் அதை ஒட்டிய சிறு மதில் பகுதியையும் காப்பாற்றினார். எஞ்சிய மதில் இருந்த இடம் இன்று நகரத்தைச் சுற்றிய பூங்காவாக இருக்கிறது. 'கழுத்து' மட்டும் போய்விட்டது. அதனால் இன்று பார்ப்பவர்களுக்கு அது வாயிலோடு தொடர்பற்ற தனி மண்டபமாகத் தோன்றுகிறது.

வாசற்படி

இடித்தலைப் பற்றிப் பேச்சு வந்ததால் யார்க் நகரத்தைச் சொல்ல வேண்டும். அந்த நகரத்தின் நான்கு பெருவாயில்களுக்கும் முன்னரண்கள் இருந்தன. 1820களிலும் 1830களிலும், வண்டிகள் போக வழி குறுகலாக இருக்கிறது என்ற காரணத்தால், மூன்றை இடித்துவிட்டார்கள். வால்ம்கேட் வாயிலின் முன்னரண் மட்டும் தப்பியது. இங்கிலாந்தில் நகர வாயிலோடு முன்னரண் இன்றும் சேர்ந்து நிற்கும் இடம் அது ஒன்றே. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், 1644 முற்றுகையின்போது, அரசரை எதிர்த்த நாடாளுமன்றப் படையின் பீரங்கிகள் அதைக் கடுமையாகச் சிதைத்தன. அடியில் சுரங்கமும் தோண்டினார்கள். பிறகு பழுது பார்த்தார்கள். போரில் உயிர் தப்பிய ஒரு வகைக் கட்டடத்தைப் போக்குவரத்து அழித்தது என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

நெடுமதில்

கிராக்கோவைப் பற்றி ஒரு சிறு மாற்றுக் கருத்து. பீரங்கி வந்ததால் முதுகு மூடியது என்பது சரி. ஆனால் அங்கே 'கழுத்து' செய்த வேலையையும் பார்க்க வேண்டும். மூடிய வட்டத்தைப் பகைவன் பிடித்துக்கொண்டாலும், ஃபுளோரியன் வாயிலுக்கு வர அந்த நீண்ட ஒடுங்கிய பாதை ஒன்றுதான் வழி. திறந்த முதுகு செய்த வேலையை அங்கே கழுத்து செய்தது. சிரியாவின் அலெப்போ கோட்டையிலும் இதே சிந்தனையைக் காணலாம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்தை ஆண்ட அல்-சாகிர் காசி அமைத்த நுழைவில், அகழியின் மேல் வளைவுகள் தாங்கும் ஏறுபாலம் ஒன்று செல்கிறது. அதன் கீழ்முனையில் தனியே நிற்கும் வெளிவாயில் கோபுரத்தை, இன்றுள்ள வடிவில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மம்லூக் சுல்தான் கட்டினார். கோபுரம் போனாலும், திறந்த பாலத்தில் ஏறி, மேலே வாயிற்கட்டடத்துக்குள் மீண்டும் மீண்டும் செங்கோணமாகத் திரும்பாமல் உள்ளே போக இயலாது.

அகழிக்கரை

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளைப் படித்தபின் டோவரின் படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நான் பிழையாகக் கேட்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

டோவரில் 1216 அக்டோபரில் போர் நிறுத்தம் ஏற்பட்டது. 1217 மே மாதம் லூயி மறுபடி டோவருக்கு வந்தபோதும் கோட்டை விழவில்லை. லிங்கனில் அவருடைய ஆதரவுப் படை தோற்றதும் அந்த முற்றுகையைக் கைவிட்டார். ஆபத்து நீங்கியபின் ஹியூபர்ட் டி பர்க் என்ன செய்தார் என்பதில்தான் விடை இருக்கிறது. முன்னரணால் ஆபத்து வந்தது என்று அவர் நினைத்திருந்தால், வடக்கு மேட்டை அப்படியே வெறுமையாக விட்டிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை.

வாயிலை அடைத்தார், நான் பார்த்த அலகு வடிவக் கற்கட்டு அதுவே. மேற்கே, நிலம் செங்குத்தாகச் சரியும் இடத்தில், காவலரின் வாயில் என்று இன்று வழங்கும் புதிய தலைவாயிலைக் கட்டினார். சுரங்கம் தோண்டுவதற்கு வாகான மேடு அங்கே கிடையாது. பழைய முன்னரண் இருந்த வடக்கு மேட்டிலோ, முன்பைவிட வலிமையான வெளியரண் ஒன்றை மண்ணும் கல்லும் கொண்டு அமைத்தார். அகழிக்குள் புனித யோவான் கோபுரம் என்னும் வட்டக் கோபுரம் ஒன்றை எழுப்பி, கோட்டைக்குள்ளிருந்து அதன் வழியாக வெளியரணுக்குச் செல்லத் தரைக்கடியில் சுண்ணப்பாறையைக் குடைந்து சுரங்கப் பாதை வெட்டினார்.

வாயில் இல்லாத இடத்தில் முன்னரண் மட்டும் இருக்கிறது. ஆகவே 1216இன் பிழை முன்னரண் கட்டியதில் இல்லை. பகைவனுக்கு மிக எளிதான மேட்டின் எதிரே வாயிலை வைத்ததும், வெளியே நின்று போரிட்ட காவலர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் இடையே பாதுகாப்பான வழி இல்லாததும்தான் பிழை. கார்கசோனில் அவசரமாகக் கல் அடுக்கியவர்களுக்கும், கிராக்கோவில் 'கழுத்து' கட்டியவர்களுக்கும் இருந்த கவலையும் அதுவே.

அந்தச் சுரங்கப் பாதையில் நான் நடந்திருக்கிறேன். நெப்போலியன் காலத்தில் அதைப் பெரிதும் மாற்றிவிட்டார்கள் என்றாலும், தலை குனிந்து இறங்கும்போது சுவரில் கை பட்டால் ஈரமான சுண்ணப்பாறையின் குளிர்ச்சி தெரிகிறது. லூயியின் ஆட்கள் கோபுரத்தைச் சாய்க்கக் குடைந்ததும் அதே பாறையைத்தான்.

மழைநாள்

அருமையான விளக்கம், ஐயா. அந்தச் சுரங்கப் பாதையின் படங்கள் இருந்தால் இங்கே இணைக்க வேண்டுகிறேன். அடைத்த வாயிலை உட்புறத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் இன்னும் நன்று.